ஸ்டியரிங் சொல்லும் சேதி

ஏற்காடு மலைமேல் வாழவந்தி என்று ஓர் ஊர். காபித் தோட்டம், காபிக்கு நிழல் தர சில்வர் ஓக் மரங்கள், அந்த மரங்களைப் பிடித்து ஏறும் மிளகுக் கொடிகள். நடுவே, ஒரு வண்டி வந்தால் எதிர் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டிய அகலத்தில் ரோடு. சுற்றுலா வருகிறவர்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் என்று பார்த்துவிட்டு, ஒரு பாக்கெட் மிளகு வாங்கிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிவிடுவார்கள். வாழவந்திப் பக்கம் வருகிறவர்கள் குறைவு.

அந்த ஊரில் ஒரு மாமா. கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு, 2004 மாடல் மாருதி 800 ஒன்று. பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய அக்கா மகன் ஒரு மழைக்கால சனிக்கிழமை புதுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். ஜெர்மன் கம்பெனி வண்டி. டர்போ எஞ்சின், 190 குதிரைசக்தி. மாமாவின் வண்டிக்கு 37 தான்! அகலமான டயர், கீழே அடி தட்டாத குறைதான், அவ்வளவு தாழ்வு. இருபது கொண்டை ஊசி வளைவையும் எப்படி ஏறி வந்தோம் என்பதை அவன் அரைமணி நேரம் சொன்னான்.

"நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க மாமா."

மாமா ஏற்காடு வரை போய்த் திரும்பி வந்தார். சாவியைக் கொடுத்தபோது சொன்னார்:

"வண்டி பிரமாதமா இருக்கு மாப்ள. ஆனா ரோடு எங்க போச்சு? கைக்கு ஒண்ணுமே தெரியலையே."

மருமகன் சிரித்துவிட்டான். பழைய வண்டி ஓட்டிப் பழகியவருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். ஸ்போர்ட் பட்டனை அழுத்தி, ஸ்டியரிங்கை இறுக வைத்து, "இப்ப பாருங்க" என்றான். மாமா இன்னொரு முறை கொஞ்ச தூரம் போய் வந்தார்.

"கனமாயிடுச்சு. அவ்ளோதான். சேதி ஒண்ணும் வரலை."

மாமா கார் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. டாப் ஸ்பீடு, டார்க் எல்லாம் அவருக்கு வேண்டாத கணக்கு. ஆனால் அவர் கேட்ட அதே கேள்வியைத்தான் உலகத்தின் பெரிய பெரிய ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனிகளைப் பார்த்துப் பல ஆண்டுகளாக நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள். கோடிக்கணக்கில் விலை போகும் காரில் இல்லாமல் போகக்கூடிய ஒன்று, பவர் ஸ்டியரிங்கே இல்லாத 800-இல் இருக்கிறது என்றால் அது என்ன?

சரி, அடியிலிருந்து வருவோம். காரின் மொத்த எடையையும் ரோட்டோடு சேர்த்துப் பிடித்திருப்பது நான்கு டயர்கள். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம்தான். வளைவில் வண்டி திரும்புவதும், திரும்பாமல் நேராகப் போய் மரத்தில் மோதுவதும் அந்த உள்ளங்கையில் நடக்கும் விஷயம்.

டயர் ரப்பர் என்பதால், வளைவில் சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் உருளும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. சக்கரம் கொஞ்சம் கூடுதலாகவே திரும்பியிருக்கும். இந்த வித்தியாசத்தை ஸ்லிப் ஆங்கிள் என்கிறார்கள். பெயரைப் பார்த்து வண்டி வழுக்குகிறது என்று பயப்பட வேண்டாம். இந்தக் கோணம் இல்லாமல் எந்த டயரும் வண்டியைத் திருப்பவே முடியாது. தரையைத் தொடும் அந்த உள்ளங்கையின் முன்பகுதியில் உள்ள ரப்பர் இப்போதுதான் தரைக்கு வந்திருக்கும், அதிகம் இழுபட்டிருக்காது. பின்பகுதிக்குப் போகப் போக இழுவை கூடும். ஆகவே டயர் தரும் பக்கவாட்டு விசை நட்டநடுவில் விழாமல், சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளி விழுகிறது. அந்தச் சில சென்டிமீட்டர்தான் நெம்புகோல். அது சக்கரத்தை நேராக்கப் பார்க்கிறது. நாம் அதை நேராகவிடாமல் பிடித்திருக்கிறோம். கையில் தெரியும் கனம் என்பது இந்த இழுபறிதான்.

இதோடு இன்னொன்றும் சேரும். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்வாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சாய்வினால்தான் கையை விட்டாலும் ஹேண்டில்பார் ஓரளவு நேராக நிற்கிறது. காரிலும் முன்சக்கரத்தின் திருகு அச்சு இப்படிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். காஸ்டர் என்பார்கள். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேராக வருவதில் இதற்கும் பங்கு உண்டு.

முக்கியமான சங்கதி இனிமேல்தான். ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடித்தால், இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால், அந்த உள்ளங்கையின் பின்பகுதி ரப்பர்தான் முதலில் பிடி விட்டு நழுவ ஆரம்பிக்கும். முன்பகுதி இன்னும் பிடித்திருக்கும். அப்போது விசை விழும் இடம் பின்னாலிருந்து நடுவை நோக்கி நகரும். நெம்புகோல் குட்டையாகிறது. டயர் இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கையில் கனம் குறையத் தொடங்குகிறது! சாதாரண ரோட்டு டயரில் உலர்ந்த தரையில் ஏறக்குறைய 3, 4 டிகிரி ஸ்லிப் ஆங்கிளிலேயே கனம் உச்சத்துக்குப் போய் இறங்க ஆரம்பித்துவிடும். பிடிமானமோ 6 முதல் 10 டிகிரி வரை கூடிக்கொண்டுதான் போகும். டயருக்கு டயர் இந்த எண்கள் மாறும். வரிசை மாறாது. முதலில் கை லேசாகும், பிறகுதான் வண்டி வழுக்கும்.

இதைத்தான் மாமா சேதி என்றார். "எல்லை பக்கத்தில் வந்துவிட்டது" என்று டயர் முன்கூட்டியே அனுப்பும் தந்தி.

பி.காம் படிக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்லலாம். கணக்குப் புத்தகத்தில் பாக்கித் தொகை பெரிதா சிறிதா என்பதை மட்டும் பார்ப்பவர் ஆடிட்டர் ஆக முடியாது. போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். ஸ்டியரிங்கும் அப்படித்தான். கனமாக இருக்கிறதா லேசாக இருக்கிறதா என்பது பெரிதல்ல. கனம் எப்போது மாறியது, எவ்வளவு மாறியது என்பதில்தான் செய்தி இருக்கிறது. மருமகன் அழுத்திய ஸ்போர்ட் பட்டன் பாக்கித் தொகையை மட்டும் கூட்டிக் காட்டியது! மோட்டார் தரும் உதவியைக் குறைத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமாக்கினால், ரோடு எதுவும் கூடுதலாகச் சொல்லிவிடாது.

மழை பெய்த மலை ரோட்டில் இந்தத் தந்திக்கு இன்னும் மதிப்பு அதிகம். ஈர ரோட்டில் பிடிமானம் குறைவு. ஆகவே கனம் உச்சத்தைத் தொடுவதும் சீக்கிரம், அந்த உச்சமும் தாழ்வு. நேற்று இதே வளைவில் இருந்த கனம் இன்று ஏன் வரவில்லை என்று கை கேட்கும். கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்புத் தார்தான். சில்வர் ஓக் இலை உதிர்ந்து ஊறிக் கிடக்கும் இடம், வெயிலே படாமல் பாசி பிடித்த வளைவு, தோட்டத்திலிருந்து வந்த லாரி சக்கரத்து மண்ணை உதறிவிட்டுப் போன இடம், இதெல்லாம் பனிமூட்டத்தில் தெரியாது. கைக்குத் தெரியும். தெரிய வேண்டும்.

இனி பவர் ஸ்டியரிங் கதை. 800-இல் ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு பல்சக்கரம், அது ஒரு பல்வரிசைத் தண்டை இடமும் வலமும் தள்ளுகிறது. ரேக் அண்ட் பினியன். டயருக்கும் கைக்கும் நடுவே இரும்பும் கொஞ்சம் ரப்பரும் மட்டும்தான். சேதி இரண்டு பக்கமும் தடையில்லாமல் போகும். வண்டி எடை 650 கிலோ சொச்சம், டயர் அகலம் 145 மில்லிமீட்டர், சக்கரம் 12 அங்குலம். இதற்குப் பவர் ஸ்டியரிங் தேவையே இல்லை. (ஓரிடத்தில் நிறுத்தி வைத்து ஒடித்தால் மட்டும் தோள் கேட்கும்!)

இந்த எண்களை ஒரு வெளிநாட்டு வண்டியோடு வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தின் லோட்டஸ் கம்பெனி 1996-இல் கொண்டுவந்த எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் எடை சுமார் 725 கிலோ. அதிலும் பவர் ஸ்டியரிங் இல்லை. எஞ்சின் டிரைவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முன்சக்கரத்தில் சுமை குறைவு. 2021-இல் உற்பத்தி நிற்கும்வரை அதில் பவர் ஸ்டியரிங் வைக்கவில்லை. ஸ்டியரிங் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று கார் பைத்தியங்கள் சத்தியம் செய்யும் வண்டி அது. எடை விஷயத்தில் நம்ம 800-க்குத் தூரத்து உறவு!

எடை கூடிய கார்களுக்கு உதவி வேண்டும். முதலில் வந்தது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங். ஸ்டியரிங் தண்டில் ஒரு மெல்லிய முறுக்குக் கம்பி. கை திருப்பும்போது அது கொஞ்சம் முறுகும். முறுகிய அளவுக்கு ஒரு வால்வு திறக்கும். எண்ணெய் அழுத்தம் ரேக்கைத் தள்ள உதவும். டயர் எதிர்த்துத் தள்ளினாலும் அதே கம்பி முறுகும். எண்ணெய் நடுவில் இருந்தாலும் சேதி ஓரளவு கைக்கு வந்துவிடும்.

ஆனால் எண்ணெய் பம்ப்பை எஞ்சின் எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நேர் ரோட்டில் ஸ்டியரிங்கைத் தொடாமல் போனாலும் அதற்கும் பெட்ரோல் செலவு. மின்சார பவர் ஸ்டியரிங் வந்ததும் இந்த வீண் செலவு போயிற்று. இங்கும் முறுக்குக் கம்பி உண்டு. ஆனால் வால்வுக்குப் பதில் ஒரு சென்சார் முறுக்கை அளக்கும், கம்ப்யூட்டர் கணக்குப் போடும், மோட்டார் தள்ளும், தேவைப்படும்போது மட்டும். மைலேஜ் கூடும். பெல்ட், குழாய், எண்ணெய் ஒழுகல் கிடையாது. கம்பெனிக்குப் பொருத்துவது சுலபம். தானாகவே பார்க்கிங் செய்யும் வசதியும், கோட்டைத் தாண்டாமல் பிடித்துக்கொள்ளும் வசதியும் வேண்டுமென்றால் ஸ்டியரிங்கைத் திருப்ப ஒரு மோட்டார் இருந்தால் வேலை எளிது. வியாபாரக் கணக்கில் பார்த்தால் ஹைட்ராலிக் தோற்றதில் ஆச்சரியமே இல்லை.

கஷ்டம் எங்கே வருகிறது என்றால், அந்த மோட்டாருக்கும் அதன் பற்களுக்கும் சொந்தமாக ஒரு ஜடத்தன்மையும் உராய்வும் இருக்கின்றன. டயர் அனுப்பும் சின்னச் சின்ன அதிர்வுகள், கனம் லேசாகக் குறையும் அந்த நுணுக்கம், இதெல்லாம் அந்த உராய்வைத் தாண்டி வர வேண்டும். தாண்டாவிட்டால் கைக்குத் தெரியாது. சாப்ட்வேர் வைத்து இதைச் சரிக்கட்டலாம். ஆனால் எதை விட வேண்டும், எதைத் தடுக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர் யாரோ ஒரு இன்ஜினியர். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்டியரிங் உதறக்கூடாது என்று வாடிக்கையாளர் கேட்கிறார். உதறலைத் தடுத்தால் அதோடு சேதியும் போய்விடுகிறது. தபாலில் மிரட்டல் கடிதம் வருகிறது என்று தபால்காரரையே நிறுத்திவிட்ட கதை!

இந்தச் சண்டை பெரிதாக வெடித்தது 2011-இல். போர்ஷே தன் 911 காரின் 991 என்ற தலைமுறையில் ஹைட்ராலிக்கை எடுத்துவிட்டு மின்சார ஸ்டியரிங் வைத்தது. 911 என்றாலே ஸ்டியரிங்தான் என்று கொண்டாடிய கூட்டம் கொதித்துப் போனது. முந்தைய 997-ஐத் தேடி வாங்குபவர்கள் இன்றும் சொல்லும் காரணங்களில் ஸ்டியரிங்கும் ஒன்று. ஃபெராரி 2017-இல் 812 சூப்பர்ஃபாஸ்ட் காரில்தான் முதன்முதலாக மின்சார ஸ்டியரிங் வைத்தது. மெக்லாரன் மட்டும் பிடிவாதமாக எண்ணெயை விடவில்லை. 2021-இல் அறிமுகமான ஆர்ட்டுரா ஹைபிரிட் காரிலும், 2023-இல் வந்த 750எஸ் காரிலும் ரேக்கைத் தள்ளுவது எண்ணெய்தான், பம்ப்பைச் சுற்றுவது மட்டும் மின்சாரம். லோட்டஸும் 2021-இல் காட்டிய எமிரா காரில் அந்த வழியையே பிடித்தது.

நியாயமாகச் சொன்னால், போர்ஷேகாரர்கள் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்து வந்த மாடல்களில், குறிப்பாக ஜிடி3 வகையில், மின்சார ஸ்டியரிங்கும் பேசும் என்று ஒப்புக்கொள்ள வைத்துவிட்டார்கள். மோட்டாரை ஸ்டியரிங் தண்டில் வைப்பதற்குப் பதில் ரேக்கிலேயே வைப்பது, உராய்வைக் குறைப்பது, ரப்பர் புஷ்களுக்குப் பதில் உறுதியான ஜாயிண்டுகள் போடுவது, இதற்கெல்லாம் செலவு பிடிக்கும். ஆகவே மின்சாரம் வந்ததால் உணர்வு போயிற்று என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. விலை குறைந்த வண்டியில் எதைச் சேமிக்கலாம் என்று பார்க்கும்போது முதலில் கத்தரிக்கப்படுவது, ஷோரூமில் யாரும் கேட்காத ஒன்றுதான். சன்ரூஃப் இருக்கா என்று கேட்பவர் ஆயிரம் பேர்; கை லேசாகுமா என்று கேட்பவர் யார்?

இந்தியாவில் இதைக் கேட்டவர்கள் ஒரு சிறு கூட்டமாக இருந்தார்கள். சென்னை மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த ஐகானும் ஃபியஸ்டாவும் அவர்களுக்குச் செல்லப்பிள்ளை. ஐகான் 1999-இல் வந்தது. மைலேஜ் கொடுக்காது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை அதிகம் என்றெல்லாம் திட்டிக்கொண்டே வைத்திருந்தார்கள். காரணம் அந்த ஹைட்ராலிக் ஸ்டியரிங். 2015-இல் ஃபியட் கொண்டுவந்த அபார்த் புன்டோ 145 குதிரைசக்தி, அதிலும் ஹைட்ராலிக்தான். அந்த விலையில் அவ்வளவு பேசும் ஸ்டியரிங் வேறு கிடையாது என்பார்கள். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. மறைமலை நகரில் ஃபோர்டின் கார் உற்பத்தியும் 2022-இல் நின்றது. நல்ல ஸ்டியரிங் வைத்தவர்கள் எல்லோரும் கடையை மூடினார்கள் என்று சொன்னால் அது மிகை. நல்ல ஸ்டியரிங் கடையைக் காப்பாற்றவில்லை என்பது மட்டும் உண்மை.

ரேஸ் ஓட்டுபவர்களுக்கு ஸ்டியரிங் வேறு கதை. அங்கே சேதி வராவிட்டால் பிழைப்பே இல்லை. கோவை கரிவரதன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி. காசு குறைந்தவர்களும் ரேஸ் ஓட்டலாம் என்று கதவைத் திறந்தது அதுதான். கோவையின் நரேன் கார்த்திகேயன் தன் முதல் ரேஸை ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் ஓட்டியது ஒரு ஃபார்முலா மாருதியில்தான். 1992-இல் பிரான்சில் ரேஸ் பள்ளிக்குப் போனார், 2005-இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். வாழவந்தி மாமாவின் வண்டியில் இருக்கும் எஞ்சினின் சொந்தக்கார எஞ்சின் ஒன்று ஒருவரை அவ்வளவு தூரம் கொண்டு போயிருக்கிறது!

ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே உள்ள ஃபார்முலா 2-வில் இன்றைக்கும் பவர் ஸ்டியரிங் கிடையாது. அந்த வேகத்தில், அந்த அகல டயரில், கை ரெண்டும் கழன்றுவிடும் போல இருக்குமாம். ஃபார்முலா 2 ஓட்டுபவர்கள் ஜிம்மில் தோளுக்கும் முன்கைக்கும் உடற்பயிற்சி செய்வது அழகுக்காக அல்ல. அங்கே கனமும் இருக்கிறது, சேதியும் இருக்கிறது. கனத்தையும் சேதியையும் ஒன்றென்று நினைக்கும் குழப்பம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். ரேஸ் கார் கனமாக இருக்கும், ஆகவே கனமாக இருப்பது ரேஸ் கார் மாதிரி... ஸ்போர்ட் பட்டனை விற்பவர்கள் இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் கனத்தைக் கொண்டாடுபவர்கள் ஒரு நாள் பழைய அரசுப் பேருந்து டிரைவர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாத பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஏறும்போது இருபது, இறங்கும்போது இருபது, ஒரு நாளைக்கு எத்தனை நடை! ஒவ்வொரு வளைவிலும் சீட்டிலிருந்து பாதி எழுந்து, உடம்பையே ஸ்டியரிங் மேல் போட்டு ஒடிப்பார்கள். அவர்கள் தோளுக்கு பவர் ஸ்டியரிங் வந்தது வரம். வயதானவர்கள், மணிக்கட்டு வலி உள்ளவர்கள், ஓட்டக் கற்றுக்கொள்ளும் மெலிந்த கைகள், இவர்கள் எல்லோருக்கும் காரைத் திறந்துவிட்டதும் அதுதான். பழைய மேனுவல் ஸ்டியரிங் கியரையும் புது மின்சார ஸ்டியரிங்கையும் தயாரித்த சென்னையின் ரானே குழுமத்துக்குக்கூட இந்த மாற்றம் வியாபாரம்தான், துக்கம் அல்ல. சேதி வேண்டும் என்று கேட்பது வேறு, எல்லோரும் தோள் வலியோடு ஓட்ட வேண்டும் என்று கேட்பது வேறு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. மருமகனின் காரில் வழுக்கலைத் தடுக்கும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஏபிஎஸ் இருக்கிறது. காற்றுப்பை இருக்கிறது. மாமாவின் வண்டியில் ஒன்றும் இல்லை. தந்தி வந்ததைப் படிக்கத் தெரியாதவருக்கு 800 போல ஆபத்தான வண்டி கிடையாது. அகல டயருக்கு எல்லை தூரத்தில். ஆனால் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் அந்த எல்லையைத் தாண்டினால் சட்டென்று விட்டுவிடும். 145 மில்லிமீட்டர் டயருக்கு எல்லை பக்கத்திலேயே. ஆனால் அது முனகிக்கொண்டே, சொல்லிக்கொண்டே விடும். மாமா வருஷா வருஷம் சேலத்துக்கு இறங்கி அலைன்மென்ட் பார்ப்பார், டை ராட் முனைகளில் ப்ளே வந்தால் உடனே மாற்றுவார். கம்ப்யூட்டர் இல்லாதவருக்கு அந்தச் செலவுதான் இன்சூரன்ஸ். தேய்ந்த டை ராட் உள்ள 800, எந்த மின்சார ஸ்டியரிங்கையும்விட ஊமை.

இனி வரப்போவது இன்னும் வேடிக்கை. 2013-இல் இன்ஃபினிட்டி கியூ50 என்ற காரில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவே வயர்தான்; அவசரத்துக்கு மட்டும் ஒரு இரும்பு இணைப்பு வைத்திருந்தார்கள். 2023-இல் விற்பனைக்கு வந்த டெஸ்லா சைபர்டிரக்கில் அந்த இணைப்பும் இல்லை. கையில் தெரியும் கனம் முழுக்க முழுக்க ஒரு மோட்டார் போடும் நாடகம். வீட்டில் கம்ப்யூட்டரில் ரேஸ் விளையாடும் ஸ்டியரிங்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாடகம் என்பதால் பொய் என்று அர்த்தமில்லை. டயரில் நடப்பதை அப்படியே நடித்துக் காட்டினால் கைக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியே நடிப்பார்களா, அழகாக இருக்கும் பகுதியை மட்டும் நடிப்பார்களா என்பதுதான் கேள்வி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலிருந்து தூறல். சேலத்தில் ஒரு கடைக்கு மிளகு மூட்டை கொடுக்க வேண்டியிருந்தது. மாமா 800-இன் பின்சீட்டில் மூட்டையை ஏற்றிவிட்டு, சாவியை மருமகனிடம் தூக்கிப் போட்டார்.

"நீ ஓட்டு மாப்ள."

அவனுக்கு முதல் நாலு கிலோமீட்டர் எரிச்சலாகத்தான் இருந்தது. ஸ்டியரிங் ஒவ்வொரு குழிக்கும் துள்ளியது. ரோடு இடப்பக்கம் சரிந்திருந்தால் வண்டியும் இடப்பக்கம் இழுத்தது. சும்மா விரல் நுனியில் பிடித்து ஓட்டிப் பழகியவனுக்கு உள்ளங்கை வியர்த்தது. இறுக்கிப் பிடித்தான். மாமா பார்த்துவிட்டு, "அமுக்காத. கோழிக்குஞ்சு பிடிக்கிற மாதிரி பிடி" என்றார். அவன் பிடியைத் தளர்த்தினான். தளர்த்தியதும் துள்ளல் குறையவில்லை, ஆனால் அது எரிச்சலாக இல்லாமல் போயிற்று.

இறக்கத்தில் பிரேக் மிதித்தபோது முன்பக்கம் அமுங்கி ஸ்டியரிங் கனத்தது. பிரேக்கை விட்டதும் அந்தக் கனம் இறங்கியது. இதை அவன் பத்து வருஷமாக வண்டி ஓட்டியும் கவனித்ததில்லை. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஒவ்வொன்றிலும் கனம் ஏறி, வளைவு முடியும்போது ஸ்டியரிங் தானாகக் கைக்குள் வழுகி நேரானது. பனி கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டை மூடியது. வைப்பர் போனது போகவே கண்ணாடியில் இரண்டு கோடு மிச்சம்.

மரங்கள் அடர்ந்த ஒரு வலது வளைவு. வேகம் முப்பதுக்கு மேல் இருக்காது. ஸ்டியரிங்கை ஒடித்தான், கனம் ஏறியது, ஏறிக்கொண்டிருக்கும்போதே நடுவில் காற்றுப் போன மாதிரி கை லேசானது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் இல்லை. வண்டி இன்னும் வளைவில்தான் இருந்தது. அவன் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கை ஒரு விரல்கடை அளவு திருப்பிவிட்டான். கனம் திரும்பி வந்தது. அப்போதுதான் ஜன்னல் வழியாகப் பார்த்தான். ரோடு முழுக்க ஊறிய இலை.

"மாமா, கை லேசாச்சு."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. மிளகு மூட்டை சரிந்துவிடாமல் பின்னால் ஒரு கையை வைத்துப் பிடித்திருந்தார்.

"ம். அடுத்த வளைவுல தண்ணி குறுக்க ஓடும். ரெண்டாவது கியர் போட்டுக்க."